தவசிமுத்து சாத்திய கதவு

சங்கரலிங்கம் சுவரொட்டி ஒட்டிவிட்டு வந்த கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பசை காய்வதற்குள் ஒன்றின் மேல் சாணி விழுந்துவிட்டது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் ஒட்டியிருந்தார் மனிதர். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் கடற்படைத் தொப்பியோடு அண்ணன் தவசிமுத்துவின் படம். அதற்குக் கீழே ஒரு வரி: ‘நீர்மூழ்கிக் கப்பலில் நாட்டைக் காத்தவர், நெருப்பில் மில்லைக் காத்தவர்.’ அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி மதினி செல்லத்தாய் படித்துப் படித்துச் சொன்னாள். கேட்கிற ஆளா அவர்?

சாணி விழுந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், இசக்கியம்மாள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில். படத்தின் மேல் ஒரு பொட்டுத் தெறித்ததோடு சரி. அந்த வரியின் மேல் மட்டும் அப்பிக் கிடந்தது.

இசக்கியம்மாளை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 1986-இல் ராஜபாளையத்து மில் ஒன்றில் பஞ்சுக் கோடவுன் தீப்பிடித்தது. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த தவசிமுத்துதான் அங்கே தீயணைப்புக்குப் பொறுப்பு. ஓடிப்போய் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். தீ கோடவுனோடு நின்றது. பக்கத்தில் நூல் சுற்றுகிற ரீலிங் ஹாலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். மறுநாள் கதவைத் திறந்தபோது உள்ளே வேலுசாமி கிடந்தான். தவசிமுத்துவை ‘அண்ணாச்சி, அண்ணாச்சி’ என்று சுற்றி வந்தவன். இசக்கியம்மாளின் புருஷன்.

அதெல்லாம் ஐந்து வருஷத்துக்கு முந்தியது. இப்போது தவசிமுத்துவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சுவலி. ஐம்பத்திரண்டு வயது சாகிற வயதா? நாளைக்குப் பதினாறாம் நாள் விசேஷம். மாலையில் முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து இரங்கல் கூட்டம் போடுகிறார்கள். இந்த நிலைமையில்தான் சாணி.

“போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்!” காலையிலேயே குதித்தார் சங்கரலிங்கம். “எங்கண்ணன் மூஞ்சியில சாணியை அடிச்சிருக்கா அந்தப் பொம்பள. விட்டுருவமா?”

“மூஞ்சியில எங்க அடிச்சா? எழுத்து மேலதான அடிச்சிருக்கா,” என்றாள் செல்லத்தாய். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பதினைந்து நாளில் அவள் பேசியதை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

“மதினி, நீங்க பேசாதீய. ஒங்களுக்கு ஒண்ணும் வெளங்காது.”

“எனக்கா வெளங்காது?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் ரத்தினம் குறுக்கே வந்தாள். “சித்தப்பா, செத்த நேரம் பொறுங்க. இழவு வீட்டுல போலீஸ் எதுக்கு? நான் போய் இசக்கி சித்தியப் பார்த்துட்டு வாரேன்.”

“நீ போவியா? துட்டி வீட்டுப் பிள்ளை…”

“கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளோட தீட்டுப் போச்சு. அம்மாதான் பதினாறு கழியாமப் படி தாண்டக் கூடாது. நான் போலாம்.”

சட்டம் பேசி ஜெயித்துவிட்டாள். இடுப்பில் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறினாள். போவது அவளுக்கும் சுலபமில்லை. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறாள். இசக்கியம்மாளும் அதே ஊரில், பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். கோயில் வாசலில் எதிர்ப்பட்டால்கூட இத்தனை வருஷமும் ரத்தினம்தான் தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். சின்ன வயதில் அவளுக்குச் சடை பின்னிவிட்ட கை அது. அதை நினைத்தாலே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இசக்கியம்மாள் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். மரச்சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, குச்சிகளை வரிசையாகச் செருகுகிற வேலை. ரத்தினத்தைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“நான்தான் அடிச்சேன். அதக் கேக்கத்தான வந்த?”

“சித்தி…”

“அவிய செத்ததுக்கு எனக்குச் சந்தோசமில்ல தாயி. கேள்விப்பட்ட அன்னைக்கு நான் சோறு திங்கல. ஆனா, மில்லைக் காத்தவருன்னு எழுதி எம் வாசலுக்கு நேரா ஒட்டுனா, நான் தெனம் அதப் பார்த்துக்கிட்டுக் குச்சி அடுக்கணுமா?”

குழந்தை இறங்கிப் போய்க் குச்சிக் குவியலில் கையை விட்டது. இசக்கியம்மாள் அதன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. கதவைச் சாத்தும்போது எங்க வீட்டுக்காரவிய உள்ள இருக்காவன்னு ஒங்கப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது சித்தி.”

“விசாரணையில அவியளும் அப்படித்தான் சொன்னாவ. மில்லுக்காரங்களும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா ஒருநாளாவது எம் மூஞ்சியப் பார்த்து அவிய சொல்லலையே? தெரியாமச் செஞ்சவிய, ‘ஏட்டி, எனக்குத் தெரியாதுட்டி’ன்னு வந்து அழுதிருக்க வேண்டாமா? வந்தா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?”

“அப்பா யாருகிட்டயுமே பேசல சித்தி. எங்ககிட்டயே பேசல. வேலுசாமி சித்தப்பான்னா அவியளுக்கு உசுரு. தெரிஞ்சா செய்வாவளா?”

இசக்கியம்மாள் முதல்முறையாகச் சட்டத்தைக் கீழே வைத்தாள்.

“பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லு. நான் நம்புதேன்.”

ரத்தினம் யோசிக்கவே இல்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். குழந்தையை இழுத்து நிறுத்தி உச்சந்தலையில் கையை வைத்தாள். “எம் பிள்ளை மேல சத்தியமா அப்பாவுக்குத் தெரியாது.”

இசக்கியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்ததும் எழுந்துபோய் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்து வந்தாள். தெருவைத் தாண்டி, எதிர்ச்சுவரில் இருந்த சாணியைத் தானே கழுவினாள். பசை இளகி அந்த வரி பாதி கரைந்துபோனது. படத்தில் தெறித்திருந்த ஒரு பொட்டை மட்டும் விரலால் துடைத்துவிட்டாள்.

“நாளைக்கு விசேஷத்துக்கு வாரேன்,” என்றாள். “மதினிகிட்டச் சொல்லு.”

திரும்புகிற பஸ்ஸில் ரத்தினத்துக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அப்பா செத்த பிறகு இன்றைக்குத்தான் அவரைக் கலங்காமல் நினைக்க முடிந்தது.

அவர் லீவில் வருகிற நாள் ஞாபகம் வந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கினால் வீடெல்லாம் டீசல் நாற்றம். சட்டையைச் சலவைச் சோடாவில் ஊறப்போட்டு அடித்தாலும் போகாது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு துவைப்பாள், ஆனால் அவர் திரும்பிப் போனதும் ஒரே ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் பெட்டியில் வைத்துக்கொள்வாள். கப்பலில் குளிக்கத் தண்ணீர் கிடையாதாம். வாரக்கணக்கில் முகத்தைத் துடைத்துக்கொள்வதோடு சரி. அதனால் ஊருக்கு வந்தால் தளவாய்புரத்துத் தோட்டக் கிணற்றில் விழுந்து எழுந்திருக்கவே மாட்டார்.

தெருவில் அவருக்கு ‘முங்கு கப்பல்’ என்று பேர். “முங்குற கப்பலுக்கு எதுக்குவே சம்பளம்? நம்ம ஊர்ப் படகும்தான் முங்கும்,” என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கப்பலின் வாசல்கள் குனிந்து நுழைகிற வட்ட ஓட்டைகளாம். அந்தப் பழக்கம் விடாமல் எந்த வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவார். ஆண்டாள் கோயில் கோபுர வாசலில், யானை போகிற உயரத்தில், அவர் தலையைக் குனிந்ததைப் பார்த்து ரத்தினத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ரஷ்யாவில் பனியில் பயிற்சி எடுத்ததைச் சொல்வார். அங்கே முதலில் கற்றுக் கொடுத்ததே கதவு சாத்துவதுதானாம். ஒரு அறையில் தண்ணீரோ தீயோ வந்தால் கதவைச் சாத்தித் திருகிவிட வேண்டும். அந்தப் பக்கம் எவன் இருந்தாலும் சரி.

“நீங்க அந்தப் பக்கம் இருந்தா?” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“என்னைய வச்சே சாத்துவான். சாத்தணும். இல்லாட்டா எல்லாரும்லா போயிருவோம்?” வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார், ஏதோ பஸ் டைம் சொல்வதுபோல.

வீட்டுக்குள் நுழைந்ததும் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினாள். சத்தியம் செய்ததை, சாணியைக் கழுவியதை, நாளைக்கு இசக்கியம்மாள் வரப்போவதை. சங்கரலிங்கம் பந்தல்காரனோடு வாசலில் நின்றதால் உள்ளே இவர்கள் இருவரும் மட்டும்தான்.

செல்லத்தாயின் முகம் வெளுத்துப்போனது.

“பிள்ளை தலையிலயா அடிச்ச?”

“ஆமா. நெசந்தான?”

“பாவி மகளே! யாருட்டி ஒன்னச் சத்தியம் பண்ணச் சொன்னா?” குழந்தையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் உச்சந்தலையைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். “தெரியாதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்தியா?”

“அம்மா, என்ன பேசுத?”

“ஒங்கப்பா எப்ப இருந்து வீட்டுக் கதவைத் தொறந்து போட ஆரம்பிச்சாவ? சொல்லு.”

ரத்தினத்துக்கு முதலில் புரியவில்லை. இந்த வீட்டில் கதவு சாத்தக் கூடாது. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. மழையோ கொசுவோ, நாய் புகுந்து பாலைக் குடித்தாலும் சரி, எல்லாக் கதவும் திறந்தே கிடக்க வேண்டும். யாராவது சாத்தினால் தவசிமுத்துவுக்கு மூச்சு முட்டும். வருஷக்கணக்காகக் கப்பலுக்குள் அடைந்து கிடந்த மனுஷன், அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். ரத்தினமும் மாமியார் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

“கப்பல்ல இருந்து வந்தது எப்ப? நீ பாவாடை கட்டுன வயசு,” என்றாள் செல்லத்தாய். “வந்த நாள்ல இருந்து நல்லாத் தாழ்ப்பாப் போட்டுட்டுக் கொறட்டை விட்டுத் தூங்குன மனுசன்டி அவரு. மில்லு தீப்பிடிச்ச பொறவுதான் இதெல்லாம். கப்பலா அவரை அப்படி ஆக்குச்சு? ஊரு சொல்லிச்சு, நானும் ஆமான்னேன்.”

ரத்தினம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா சொல்வது சரி. அந்தப் பழைய கதவுத் தாழ்ப்பாளின் சத்தம்கூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமாக இதை ஏன் நினைக்கவில்லை? நினைக்கப் பிடிக்கவில்லை, வேறென்ன?

“அப்பா சொன்னாவளா?”

“வந்ததும் சொன்னாவ. உள்ளங்கை ரெண்டும் வெந்துபோய் வந்து நின்னாவ. ‘செல்லம், தட்டுனான்டி. அண்ணாச்சின்னு கூப்பிட்டான்டி. தொறந்தா அந்தப் பக்கம் இருக்கிற பொம்பளப் பிள்ளைக அம்புட்டும் எரிஞ்சுபோகும், நான் தொறக்கல’ன்னாவ. இசக்கி கால்ல போய் விழுதேன்னு கெளம்புனாவ. நான்தான் விடல.”

“ஏம்மா?”

“ஒனக்கு அப்பத்தான நிச்சயம் பண்ணியிருந்தோம்? ஆளை உள்ள வச்சுச் சாத்துனவன் மகள்னு தெரிஞ்சா ஒன்னக் கட்டுவானா எவனாச்சும்? தெரியாதுன்னு சொல்லுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மனுசன் அப்படியே சொன்னாரு. பொறவு வாயே தொறக்கல.”

ரத்தினம் அழுதாள். அப்பாவுக்காகவா, வேலுசாமிக்காகவா, தன் கல்யாணத்துக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவர் செய்தது சரியா தப்பா என்று என்னையும் கேட்காதீர்கள். அந்த ஹாலில் இருந்த பெண்களில் பலருக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலுசாமிக்கும் இருந்திருக்கலாம்.

செல்லத்தாய் எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

சங்கரலிங்கம் பதறி ஓடி வந்தார். “மதினி! எங்க போறீய? நாளைக்குப் பதினாறு. இன்னைக்குப் படி தாண்டலாமா? ஊரு காறித் துப்பும்!”

“துப்பட்டும். இந்தப் பிள்ளை மேல பொய்ச் சத்தியம் நிக்கி. அத வச்சுக்கிட்டு நான் எப்படி உக்கார்ந்திருப்பேன்?”

“என்ன பொய்? யாரு பொய் சொன்னா?”

புருஷன் செத்துப் பதினைந்தாம் நாள், பட்டப்பகலில், தெரு முழுக்க வாயைப் பிளந்து பார்க்க, செல்லத்தாய் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ரத்தினம் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள்.

இசக்கியம்மாள் அடுப்படியில் இருந்தாள். வாசலில் செல்லத்தாயைப் பார்த்ததும் அடித்துப் பிடித்து வந்தாள். “மதினி! நீங்க ஏன் வந்தீய? நாளைக்கு நானே வாரேன்னு சொன்னேன்லா? நாலு பேரு நாப்பது பேச்சுப் பேசுவாங்களே!”

“உள்ள நான் வரக்கூடாது. இங்கனயே நின்னு சொல்லிருதேன்.” செல்லத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “ரத்தினம் சொன்னது தெரியாமச் சொன்னது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவியளுக்குத் தெரியும் இசக்கி. உள்ள ஒம் புருசன் இருக்கிறது தெரியும்.”

இசக்கியம்மாள் கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

“எப்படித் தெரியும்?”

செல்லத்தாய் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“தட்டுனாவளா?”

“ம்.”

“கூப்பிட்டாவளா?”

“அண்ணாச்சின்னு கூப்பிட்டிருக்காவ.”

“எம்புட்டு நேரம்?”

“அதக் கேக்காத தாயி.”

“சொல்லுங்க. எம்புட்டு நேரம் தட்டுனாவ?”

“தாழ்ப்பா கொதிச்சு உள்ளங்கை வேகுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு சொன்னாவ. சத்தம் நின்ன பொறவுதான் கையை எடுத்தாவளாம்.”

இசக்கியம்மாள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே வழுக்கி உட்கார்ந்தாள். கத்தவில்லை. அடித்துக்கொள்ளவில்லை. அவள் கத்தியிருந்தால் ரத்தினத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எதிர்ச்சுவரில் சுவரொட்டி வெயிலில் காய்ந்துவிட்டிருந்தது.

குழந்தை பாட்டியின் தோளிலிருந்து நழுவி இறங்கி, காலையில் பார்த்த குச்சிக் குவியலை நோக்கிப் போனது. இசக்கியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை மேல வச்ச சத்தியம் பலிக்காது,” என்றாள் கடைசியில். “தெரியாமச் சொன்னதுதான. நான் ஒண்ணும் சாபம் விடல. கூட்டிட்டுப் போங்க.”

செல்லத்தாய் கும்பிட்டாள். “அவரு வந்து சொல்லுதேன்னுதான் சொன்னாரு. நான்தான் தடுத்துட்டேன். என்னைய ஏசு இசக்கி. ரெண்டு அடி வேணும்னாலும் அடி.”

“ஒங்கள அடிச்சு எனக்கு என்ன கெடைக்கப் போகுது?” இசக்கியம்மாளின் குரல் தாழ்ந்தே இருந்தது. “புகையில மயங்கி, தூக்கத்துலயே போயிட்டாவன்னு அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா, வலி இருந்திருக்காதும்மான்னாங்க. இம்புட்டு வருசமும் அத நெனச்சுத்தான் நான் ராத்திரி கண்ண மூடுனேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வந்து எடுத்துட்டுப் போறீய.”

செல்லத்தாய்க்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. பேத்தியைக் காப்பாற்ற ஓடி வந்தவள் இதை நினைக்கவே இல்லை. மெய்யைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தாள். இறங்கத்தான் செய்தது, ஆனால் அவள் இறக்கி வைத்த இடம் இசக்கியம்மாளின் தலை.

ரத்தினம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

“ஒரு நிமிசம்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மதினி என்கிற வார்த்தை அதில் இல்லை.

திரும்பினார்கள். இசக்கியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“நாளைக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு?”

“நாலு மணிக்கு,” என்றாள் செல்லத்தாய்.

“எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. மேடையில.”